பழனாத்தாளின் பால் லேகியம்

கட்டைவிரல் நகத்தைக் கிழங்கின் முனையில் செருகி, ஒரே இழுப்பில் நடு நரம்பை உருவுகிறாள் பழனாத்தாள். நரம்பு முழுசாக வந்துவிட்டால் கிழங்கு முறத்துக்குப் போகும். பாதியில் அறுந்துவிட்டால் திட்டு விழும். "கெடக்குது பாரு, வீம்புக்குப் பொறந்தது!" என்று அதைத் தள்ளி எறிவாள். சற்று நேரம் கழித்து அதையே எடுத்து, இரண்டாகப் பிளந்து, மிச்ச நரம்பைக் கிள்ளி எடுத்துச் சமாதானமாகி விடுவாள். இந்த வேலைக்காகவே இடது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருக்கிறாள். மற்ற நகங்களெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கும்.

கிழங்கு என்றால் தண்ணீர்விட்டான் கிழங்கு. சதாவரி என்றும் சொல்வார்கள். முள்கொடியின் அடியில் வெள்ளை வெளேரென்று விரல் விரலாய்க் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அவள் புருஷன் ராக்கப்பன் பார வண்டி ஓட்டுகிறவன். மலையடிவாரத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு சாக்கு தோண்டிக்கொண்டு வருவான். தோல் உரித்து, நரம்பு எடுத்து, உரலில் இடித்துத் துணியில் பிழிந்தால் கொழகொழவென்று சாறு வரும். அதைக் கருப்பட்டிப் பாகில் விட்டு, சுக்கும் சீரகமும் தூவி, நெய் ஊற்றிக் கிண்டி இறக்கினால் பால் லேகியம். பிள்ளை பெற்றவள் காலையும் மாலையும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு தின்றால் பால் ஊறும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெருமாட்டி வரை இதை நம்பாதவர் கிடையாது. நானும் நம்புகிறவள்தான். என் தங்கை மகனின் தொடையைப் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.

எங்களுக்கு மளிகைக் கடை. கருப்பட்டிக்கும் சீரகத்துக்கும் அவள் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். வந்தால் சும்மா வாங்க மாட்டாள். கருப்பட்டியை உடைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கல்லாவில் இருக்கும் என் புருஷனை நிமிர்ந்து பார்ப்பாள். "ஏனுங் மாமா, இது கருப்பட்டிங்களா, கரையான் புத்துங்களா?" அவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் திருடன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் அவள் வராத வாரம் பொழுது போகாது.

சந்தையில் அவள் விற்கிற அழகை ஊரே நின்று பார்க்கும். சாக்கை விரித்து, வாழைச் சருகுப் பொட்டலங்களை முன்னால் பரப்பி, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மூத்தவன் மூன்று வயது வரைக்கும் சந்தையிலேயேதான் பால் குடித்தான். பிள்ளை குடிக்கக் குடிக்க இவள் கூவுவாள்: "மருந்துக்குச் சாட்சி மடியில கெடக்குது, வந்து பாத்துக்கங்க!" பார்க்க வந்தவர்கள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பொட்டலத்தோடு போவார்கள். பொள்ளாச்சி மருந்துக் கடைக்காரர் ஒருவர் இந்த லேகியத்தை மொத்தமாக வாங்கி டப்பியில் அடைத்து விற்கிறார். டப்பியின் மேல் தாயும் சேயுமாக ஒரு படம் ஒட்டியிருக்கும். அது நீதானா என்று ஒரு தடவை கேட்டேன். "அட போங்க்கா. அது எவளோ வெள்ளக்காரிச்சி. மூஞ்சில சோகை இருக்குது பாருங்க. என்ற லேகியத்தத் தின்னவளாட்டமா இருக்குது?" என்றாள்.

இந்த வியாபாரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பால் லேகியம் கிண்டுகிறவள் பால் சுரந்து பிள்ளை வளர்த்தவளாக இருக்க வேண்டும். பால் வற்றிய கை கிண்டினால் மருந்து பலிக்காது என்பது மட்டுமல்ல, தின்றவளுக்கும் வற்றிப் போகும் என்று இங்கே பெண்கள் அடித்துச் சொல்வார்கள். எவள் சொல்லி வைத்தாளோ தெரியாது. பழனாத்தாளே இதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளையில்லாத ஒருத்தி போட்டிக்கு லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தபோது, இதைச் சொல்லித்தான் அவளை எழுந்து போக வைத்தாள். அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டு நின்றதாக ஞாபகம்.

போன தை மாதம் பழனாத்தாளுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தது. அவளுக்கு முப்பது வயது கழிந்து வந்த பிள்ளை. தீட்டுக் கழிந்ததும் சந்தைக்கு வந்துவிட்டாள். மடியில் பாப்பா, முன்னால் பொட்டலங்கள், வாயில் பழைய கூவல். ஆனால் இந்தத் தடவை மாராப்பை இழுத்துப் பாப்பாவின் தலைவரை மூடியிருந்தாள். மூத்தவனுக்கு அப்படி மூடினதே இல்லை. உள்ளே பாப்பா கத்திக்கொண்டே இருந்தது. யாராவது கேட்டால், "பால் பொங்கிப் பொரையேறிப்போச்சுங்க, அதாங் கத்தறா" என்று சொல்லிவிட்டு உரக்கச் சிரிப்பாள்.

மாராப்பின் முன்புறம் வரும்போதெல்லாம் நனைந்திருந்தது. பார்த்தவர்கள் அட, என்ன பால் என்று மெச்சினார்கள். எனக்கு மட்டும் அதில் ஒரு முள் தைத்தது. நானும் பிள்ளை பெற்றவள்தானே! பால் கசிந்த துணி காய்ந்தால் மொடமொடவென்று நிற்கும். புளித்த வாடை ஒன்று வரும். இவள் கடைக்கு வந்து பேசிக்கொண்டு நிற்கையிலேயே அந்த ஈரம் காய்ந்து, துணி தும்பைப்பூ மாதிரி கறையில்லாமல் கிடந்தது. அது தண்ணீர்! வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தானே நனைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டியிலிருந்து லேகியத்தைக் கை கையாக அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். ஆசையாய்த் தின்கிற தீனி இல்லை அது. விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பாப்பா சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு கிடந்தது. கைகால் எல்லாம் குச்சி. என்னைப் பார்த்ததும் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், திருடித் தின்கிற சிறு பிள்ளை மறைக்கிற மாதிரி.

"எத்தன நாளாப் புள்ள இது?" என்றேன்.

முதலில் மழுப்பினாள். சூடு என்றாள், கண் பட்டுவிட்டது என்றாள். நான் நகரவில்லை என்று கண்டதும் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். "பொறந்து பத்து நாளைக்கு இருந்துதுங்க்கா. பொறவு ஒரு சொட்டு இல்லீங்க. சட்டி சட்டியாத் தின்னு பாத்துட்டனுங்க. ஊருக்கெல்லாம் ஊறுது, எனக்கு ஊற மாட்டீங்குது. வெக்கமா இருக்குதுங்க்கா. செத்துப்போயிரலாமாட்டம் இருக்குது."

ஆட்டுப்பால் கொடுத்திருக்கிறாள், பாப்பாவுக்கு வயிறு கழிந்திருக்கிறது. கஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், கக்கிவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். "ரெண்டு ஊடு தள்ளிப் பூமாரி இருக்கறாளே. அவுளுக்குப் பால் நிக்காமக் கொட்டுது. ஒரு வார்த்த கேட்டா ஆகாதா?"

பூமாரிக்கு இது முதல் பிள்ளை. அவளும் இவளும் ஒரே தெரு, தூரத்து உறவும் உண்டு. தூக்கிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் பழனாத்தாள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அவுளுக்கு லேகியங் குடுத்ததே நானுங்க. அவகிட்டப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க்கா கேக்கறது? இன்னிக்குக் கேட்டா நாளைக்குச் சந்த பூராத் தெரிஞ்சுபோகும். வத்தின கையின்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ளயில்லாதவள நான் எந்திரிச்சுப் போன்னு சொன்னனே, அதையே என்னையும் சொல்லுவாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூஞ்சி பெருசா, புள்ள பெருசா?" என்று கத்தினேன். அவள் சட்டியை முன்னால் இழுத்து, மறுபடியும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்றாள். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தனுப்பிப் பார்த்தேன். அதுவும் தங்கவில்லை என்று ராக்கப்பன் வந்து சொன்னான். அந்த மனுஷனுக்கு மூச்சுக் காட்டத் தெரியாது. சொல்லிவிட்டு எங்கள் கடை வாசலில் மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

போன சந்தைக்கும் அவள் வந்திருந்தாள். எதிரே நான் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். அதே சாக்கு, அதே பொட்டலங்கள், நனைந்த மாராப்பு. ஆனால் அன்றைக்குப் பாப்பா கத்தவில்லை. வாரா வாரம் எது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்தாளோ அந்தச் சத்தம் இல்லை. பழனாத்தாளின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்திருந்த பெருமாட்டிக்காரி ஒருத்தி, "இன்னிக்குச் சமத்தாத் தூங்குதே! வயிறு நெறஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றாள். "ஆமாங்க, இப்பத்தானுங்க குடிச்சா" என்று சிரித்துக்கொண்டே பழனாத்தாள் மாராப்பை லேசாக விலக்கி உள்ளே பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

பாப்பாவின் உள்ளங்காலைச் சுண்டினாள். காதைத் திருகினாள். குழந்தை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. கத்துவதற்கு அதனிடம் தெம்பு இல்லை. பழனாத்தாள் எழுந்த வேகத்தில் பொட்டலங்கள் நாலாபக்கமும் சிதறின. உப்புக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த பூமாரியைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பியது.

"ஏ பூமாரி! இங்க வா புள்ள! என்றகிட்டப் பாலில்ல. ஒரு சொட்டு இல்ல. என்ற புள்ளைக்கு நீ குடு!"

பூமாரி இடுப்பில் இருந்த தன் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். சாக்கின் மேல் உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். "கிறுக்குப் புடிச்ச அக்கா! இதுக்கா இத்தன நாளு மூடி வெச்சுட்டிருந்தே? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" என்று அழுதுகொண்டே திட்டினாள். பாப்பாவுக்கு மார்பைப் பிடித்துச் சப்பத் தெரியவில்லை, மறந்துபோயிருந்தது. பூமாரி சொட்டுச் சொட்டாக அதன் உதட்டில் பிழிந்தாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி பிழிந்தாள்.

சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். பெருமாட்டிக்காரி கையிலிருந்த பொட்டலத்தைப் பழைய இடத்தில் மெதுவாக வைத்தாள். வைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் வைத்தாள்.

பழனாத்தாள் அதைப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்துபோயிற்று. பூமாரியின் காலடியில், வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், பாப்பாவின் தொண்டையின் மேல் ஒரு விரலை வைத்து, விழுங்குகிறதா, விழுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.