மேல் வீட்டில் கேட்ட தப்பு

மேல் வீட்டுப் பெண் பியானோவில் ஒரே ஓர் இடத்தைத் தப்பாக வாசிக்கிறாள் என்று கச்சிபௌலியில் எங்கள் அபார்ட்மென்ட் பிளாக் முழுக்கப் பரப்பியவள் நான்தான். லிஃப்டில் அவளிடமே சொன்னேன்: "என் புத்தகத்துல அங்க வேற ஸ்வரம் இருக்கும்மா."

நானும் பியானோ வாசிப்பவள். அவள் வாசிக்கும் அந்த சொனாட்டாவின் ஸ்வரங்கள் அச்சிட்ட என் புத்தகம் கிழிந்துவிட்டதால் இன்று கடைக்குப் போனேன். இரண்டு பதிப்புகள் காட்டினார்கள். ஒன்று என்னிடம் இருப்பது. பதிப்பாசிரியர் தன் இஷ்டத்துக்குத் திருத்தியது. மற்றது, இசையமைத்தவர் எழுதியதை அப்படியே அச்சிட்டது.

அதில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். அவள் வாசித்ததுதான் சரி.

அதையே வாங்கிக்கொண்டு வந்தால், லிஃப்டில் அவளும் அவள் அம்மாவும்.

"நீங்க சொன்னீங்கன்னு மாத்திக்கிட்டா. நாளைக்கு எக்ஸாம்" என்றார் அம்மா.

"இப்ப ஓகேயா ஆன்ட்டி?" என்றாள் பெண்.

புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சூப்பர்டா கண்ணா" என்றேன்.

இப்போது மேலே என் தப்பை அவ்வளவு அழகாக வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

புத்தகத்தோடும் ஒரு டப்பா இனிப்போடும் கிளம்பிவிட்டேன். லிஃப்டைப் பார்க்கவே கூச்சமாக இருப்பதால் படியேறித்தான் போகிறேன். கதவைத் திறந்ததும் மன்னிப்பா, மைசூர்பாகா, எதை முதலில் நீட்டுவது? நான் மாடி ஏறி முடிப்பதற்குள் சொல்லுங்கள்.