நீலக் கொப்பியில் இல்லாத வாக்கியம்

சித்தப்பாவின் நீலக் கொப்பி அவருடைய காரின் முன் இருக்கையில்தான் எப்போதும் கிடக்கும். நான் ஏறினால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சின்ன ஆங்கில ஊரான கிரின்ஸ்டெட்டில் பஸ் குறைவு. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் காலையில் அவர்தான் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவார். எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளிவரை வந்த முதல் ஆள் நான். அங்கே பிரெஞ்சும் படித்தேன். அந்தப் பெருமை எனக்கு அளவுக்கு மிஞ்சியே இருந்தது.

சித்தப்பாவுக்குப் பிரான்சில் ஒரு மகள். பெற்றோர் பிரிந்தபோது நான்கு வயதில் தாயோடு போனவள், தமிழை மறந்துவிட்டாள். ஞாயிறுதோறும் அவர் தொலைபேசியில் அழைத்து "போன்ஜூர்" சொல்வார். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்தான். கோடை விடுமுறையில் அவளைப் பார்க்கப் போவதென்று முடிவானதும், பிரெஞ்சு சொல்லித்தரும்படி என்னிடம் கேட்டார்.

பாடப்புத்தக வரிசைப்படியே அந்த நீலக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஊர்ச் சொற்கள், எதிரே ஆங்கிலப் பொருள். 'வீல்' என்றால் நகரம், 'போன்' என்றால் பாலம், பிறகு பேக்கரி, நகரசபை. உச்சரிப்பை அவர் தமிழில் எழுதிக்கொள்வார். இயந்திர எண்ணெய் பட்ட விரல் தாள்களில் பதிந்திருக்கும்.

"ஸ்ரேசனுக்குக் 'கார்' எண்டோ சொல்லுறாங்கள்? அப்ப நான் ஓடுறது என்ன, பிள்ளை?" என்று சிரிப்பார்.

ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்: "'சாப்பிட்டியா' எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

"அது பிறகு, சித்தப்பா. முதல் இந்தப் பக்கத்தைப் பாடமாக்குங்கோ."

"ஓம், ரீச்சரம்மா," என்றார். மறுபடி கேட்கவில்லை.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். மூன்றே சொற்கள். பாடத்தின் வரிசை குலையக் கூடாது என்று நினைத்தேன். அதுகூட முழு உண்மையல்ல. பெரியவர் ஒருவர் என்னிடம் காத்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

கோடை வருமுன் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

இறுதிச் சடங்குக்கு மகள் வந்தாள். அவருடைய அதே அகன்ற நெற்றி. கொப்பியை அவளிடம் கொடுத்தேன். மண்டபப் படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ரயில் நிலையம், பாலம், பேக்கரி. பிறகு மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டாள்: "எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கவா ஆசைப்பட்டார்?"

இன்று நான் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கிறேன். எத்தனையோ கடினமான சொற்கள் வருகின்றன. அன்றைய மூன்று சொற்களைப்போல எதுவும் நாவில் கனத்ததில்லை. அன்று அந்தப் படியில், 'சாப்பிட்டியா' என்று அவள் மொழியில் கேட்டேன். "உன்னிடம் அவர் கேட்க விரும்பியது இதுதான். நான்தான் எழுதிக் கொடுக்கவில்லை," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய் விரல் பதிந்த தாளைத் தடவியபடி, "இல்லை, இன்னும் இல்லை," என்று அந்தக் கொப்பியிடம் சொன்னாள்.