அக்காவுக்கு விழுந்தது பழைய மருந்து

அன்று காலை வேனில் ஏறிய பிறகும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. "இன்னைக்கு கம்பெனி கிடையாது. ரெபேக்கா அக்கா போயிட்டாக" என்றார். நாங்கள் யாரும் இறங்கவில்லை. வேனை அப்படியே அக்கா வீட்டுக்கு விடச் சொன்னோம்.

நம் பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். நான் பேக்கிங் பார்ப்பவள். லோடு ஏற்றுவதற்கு முன் அக்கா பெட்டியைப் பிரித்து, இரண்டு வெடியை எடுத்துப் பின்பக்கப் பொட்டலில் ஊதுபத்தியால் கொளுத்திப் பார்ப்பார். "கொளுத்திப் பாக்காத சரக்கை எந்தப் பிள்ள கையிலயும் குடுக்கக் கூடாது" என்பார். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான்.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். அங்கே ஒரு புது மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சிலருக்குப் புதியது, சிலருக்கு வழக்கமான பழையது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார் டாக்டர். அக்கா சேர்ந்தார். அவருக்குப் பழையது விழுந்தது. நான் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏ கோமதி, சும்மா இரு. ரெண்டையும் குடுத்துப் பாத்தாத்தானே எது தேவலன்னு தெரியும்? நம்ம பொட்டல்ல நான் என்ன பண்ணுதேன்?"

"அது வெடிக்கா. நீங்க மனுசி."



ஆராய்ச்சியின் முடிவு வந்தபோது அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார். புது மருந்தில் நோய் பழையதைவிடச் சில மாதங்கள் கூடுதலாக அடங்கியிருக்கிறது, இனி எல்லாருக்கும் அதுதான் என்று டாக்டர் போனில் சொன்னார். அதைத் தாங்கும் உடம்பு அக்காவுக்கு இல்லை.

"சில மாசம்தானா?" என்று நான் அழுதேன்.

"எடுத்த எடுப்புல எந்த வெடி ஐட்டம் நமக்குச் சரியா வந்திருக்கு? கொஞ்சங் கொஞ்சமாத்தான் வரும்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கும் அது விழுந்திருக்கலாம்" என்றார். தனக்காக அவர் ஏங்கிப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். என் மனம் இன்னும் ஆறவில்லை.

நம் ஷெட்டு முத்துமாரிக்கும் அதே நோய். அவளுக்கு முதல் நாளே புது மருந்து கொடுத்தார்கள். "மருந்து கேக்குதுக்கா, வலி கொறஞ்சிருக்கு" என்று நேற்று போனில் சொன்னாள்.

அக்காவின் ஊதுபத்தி டப்பாவும் சாம்பிள் கொளுத்தும் வேலையும் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. பெட்டியில் கை விட்டதும், ஏன் இந்த இரண்டு என்று தோன்றிக் கை நின்றுவிடுகிறது. அப்புறம் எடுத்துக் கொளுத்துகிறேன்.