என் வாசலில் புதைத்த கேபிள்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அம்மன் திருவிழாவுக்கு முதல் நாள். அதற்கு முந்தின மழையில் மலையில் வெடிப்பு விட்டதால், மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் எழுப்பி, ஃபேக்டரி பக்கம் தகரக் கொட்டகையில் குடிவைத்திருந்தார்கள். நானும் அதில் ஒருத்தி. சட்டி பானையைத் தூக்கி வந்துவிட்டேன். வாசலில் பதித்த உரலைத் தூக்க முடியவில்லை.

காலி லயத்தைச் சுற்றி ஒரு கேபிள் புதைத்தார்கள். உள்ளே தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழையாம். அதில் ஒளியை விட்டுப் பார்த்தால் மண் எங்கே அதிர்கிறது, எங்கே நகர்கிறது என்று தெரியுமாம். பதுளையிலிருந்து வந்த ஒரு தம்பி கீழே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார்; மண் நகர்ந்தால் ஃபேக்டரிச் சங்கை ஊதச் செய்வார். கண்ணாடி என்னத்தைக் கண்டுபிடிக்கும் என்று நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

மாவிளக்குக்கு அரிசியைக் கையால்தான் இடிக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேனே, மலைக்குக் கீழே இன்னும் ஆள் குடியிருக்கும் பள்ளத்து லயத்தில் கேட்டால் உரல் தந்திருப்பார்கள். எனக்கு என் வாசலில் நின்று இடிக்க ஆசை. ஊறவைத்த அரிசியோடு, யாரும் போகக் கூடாதென்று கட்டியிருந்த சிவப்பு நாடாவைத் தாண்டிப் போய்விட்டேன்.

வாசலைக் கூட்டினேன். உலக்கையைப் போட்டேன். அப்பா, எத்தனை நாள் ஏக்கம்! கண்ணீர் வடிய வடிய இடித்தேன். திடீரென்று ஃபேக்டரிச் சங்கு விட்டு விட்டு ஊதியது. பள்ளத்து லயத்துச் சனம் பிள்ளை குட்டியோடு ஓடுவது தெரிந்தது. மலை சரியப் போகிறதென்று நானும் ஓடினேன்.

பாதி வழியில் அந்தத் தம்பி மூச்சிரைக்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். என் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

"இடிச்சது நீங்களாக்கா? மேல யாரோ நடக்கிற மாதிரியும் தெரிஞ்சுச்சு. அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்."

மலை சரியும் என்று நினைத்தும் ஏறி வந்திருக்கிறார்.

கீழே பள்ளத்து லயத்தில் இருக்கும் என் சிநேகிதியே பிடித்துக்கொண்டாள். "ஒன் மாவெளக்குக்கு நாங்க ஓடணுமாடி? இனிமே சங்கு ஊதுனா எவ ஓடுவா?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. அன்றே பள்ளத்து லயத்தில் வீடு வீடாகப் போனேன். "கண்ணாடி பொய் சொல்லலங்க. நான்தான் இடிச்சேன். அடுத்த தடவ சங்கு ஊதுனா தயவுசெஞ்சு ஓடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சிலர் திட்டினார்கள், சிலர் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

மறுவருஷம் திருவிழா நேரம், வெயில் காய்ந்த ஒரு நாள், அந்தத் தம்பி கொட்டகைக்கு வந்தார்.

"கருவியச் சரிபாக்க, தெரிஞ்ச எடத்துல யாராவது தட்டணும்க்கா. எல்லாருக்கும் முன்னாடியே சொல்லியாச்சு. அரிசி ஊறப் போடுறீங்களா?"

அன்று என் வாசலில், என் உரலில் இடித்தேன். அம்மனுக்கு அந்த மாவில்தான் விளக்குப் போட்டேன்.

இப்போதும் அவரைக் கண்டால், "மேல என்ன தம்பி கேக்குது?" என்பேன். "ஒண்ணுமில்லக்கா, அமைதியா இருக்கு" என்பார். பள்ளத்து லயத்தில் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். என் வாசலில் யாரும் நடக்கவில்லை என்றும் அர்த்தம்தான், ஆனாலும் அவர் வேறு எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.