நாய்க்குப் போட்ட மரியாதை

வட்டகொடை அழகன் கதைவசனம் எழுதிய முதல் படத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். இலங்கையில் தமிழ்ப்படம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் பேர் வாங்கிய மனிதர், எண்பது வயதுக்கு மேல், தன் படத்தின் பெயரை மறைக்கச் சொல்கிறார். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம்.

அவருடைய அப்பா பொன்னையா, வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். பேச்சில் 'ங்க' போடாமல் அவருக்கு வாய் மூடாது. துரைக்கும் 'ங்க', மலையில் வேலை மேய்க்கிற கண்டாக்கையாவுக்கும் 'ங்க', தபால்காரருக்கும் 'ங்க'. ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்து வழியில் கண்டாக்கையாவின் நாய் குறுக்கே படுத்துக் கிடந்தது. பொன்னையா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதே நாயைக் கல்லால் அடித்த ஒருவருக்கு வேலை போனதை அவர் பார்த்திருக்கிறார்.

அழகன் தோட்டத்துத் திருவிழாக்களுக்கு நாடகம் எழுதினார். ராஜா ராணி வேஷங்களை ஓரங்கட்டிவிட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து ஆட்களை லயத்துப் பேச்சிலேயே மேடையேற்றினார். நம்ம ஆளுக மாதிரியே பேசுறாங்களே என்று சனம் வாயைப் பிளந்தது. அந்தப் பேர் மலையிறங்கிக் கொழும்பு வரைக்கும் போயிற்று. அங்கே வியாபாரம் செய்துவந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அட்டனுக்கே வந்து நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக எடுப்போம் என்றார்.

படம் பாதி வளர்ந்ததும் அந்த முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. "சோகம் கூடிப்போச்சுத் தம்பி. சிரிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை" என்றார். அழகன் அப்போது இளவட்டம். படம் நின்றுவிடுமோ என்று பயந்துபோய், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அந்த நாய்க் காட்சியை எழுதிக் கொடுத்துவிட்டார். அவிழ்த்த தலைப்பாகை, குனிந்த முதுகு, 'ங்க', எல்லாம் அப்படியே. வேலை போன அந்த ஆளை மட்டும் விட்டுவிட்டார். அவன் சிரிப்புக்கு உதவமாட்டான்.

அட்டன் தியேட்டரில் கூரை பறக்கச் சிரித்தார்கள். அப்பாவும் தங்கை செவனம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு பல வருஷம், தோட்டத்து ஆட்களைக் கண்டால் "தள்ளிப் படுங்க" என்று சொல்லிச் சிரிப்பது கடைவீதிக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அழகன் இன்னும் இரண்டு படம் எழுதினார், வானொலிக்கு விளம்பரம் எழுதினார், இனக்கலவரத்தோடு கொழும்பை விட்டு வந்து அட்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினார். அந்த வசனம் காதில் விழும்போதெல்லாம் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. படம் பார்த்த நாளிலிருந்து அப்பா அவரை 'வாடா, போடா' என்பதை விட்டுவிட்டு, 'வாங்க, சாப்பிடுங்க' என்றே பேசினார். சாகும் வரைக்கும் அப்படித்தான். ஆகவே அந்தக் கூத்து தன்னைப் பற்றியது என்று அப்பாவுக்குத் தெரியாது, மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்ற பெருமைதான் அவருக்கு என்று அழகன் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் மனுஷர் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கினார்.

போன வருஷம் கொழும்பில் யார் வீட்டிலோ அந்தப் படத்தின் பிரதி ஒன்று அகப்பட்டது. எங்கள் கலை மன்றத்துக்குச் சொல்லவா வேண்டும்? மண்டபம் எடுத்து, படம் போட்டு, பொன்னாடையும் போர்த்துவது என்று முடிவு கட்டிவிட்டோம். வரவே மாட்டேன் என்றவரை விடாப்பிடியாக இழுத்து வந்தது நாங்கள்தான். முதலில் அவரைப் பேசச் சொன்னோம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற தகப்பனே தன்னை 'வாங்க' என்று கூப்பிட்ட கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். மண்டபமும் கலங்கியது.

பிறகு விளக்கை அணைத்துப் படம் போட்டோம். நான் அவருக்குப் பின்வரிசையில் இருந்தேன். அவர் பக்கத்தில் செவனம்மா, தோட்டத்திலிருந்து வந்தவர். நாய்க் காட்சி வந்ததும் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழகன் தங்கையின் பக்கம் சாய்ந்து, இந்தக் காட்சியில் வருவது அப்பாதான் என்று அவருக்குத் தெரிந்திருக்காதுதானே என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் கேட்கப் பயந்த கேள்வி. மேடையில் கிடைத்த கைதட்டல் தந்த துணிச்சலாக இருக்கும்.

செவனம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாம என்னண்ணே. அன்னைக்குப் படம் பாத்துட்டுப் பஸ்ல வரும்போதே சொன்னாரு. 'கண்டாக்கையா நாய்க்கு ங்க போட்டது பயத்துலதான். இனிமே நம்ம அழகன்கிட்டயும் பயந்துதான் பேசணும் புள்ள'ன்னாரு."

செவனம்மாவே மறுபடி பேசினார்.

"நீ பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நான் எப்புடிண்ணே சொல்றது?"

விளக்குப் போட்டதும் மன்றத் தலைவர் அவரை மேடைக்கு அழைத்தார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். பொன்னாடை தோளில் விழுந்தது. அழகன் மைக்கைப் பிடித்து, "அந்த வசனம் நான் எழுதினது இல்ல. எங்கப்பா பயந்து பேசினது. அத வச்சு நான் ஒங்கள சிரிக்க வச்சேன்" என்றார்.

என்ன தன்னடக்கம் பாருங்கள் என்று தலைவர் உருகினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அழகன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, முதுகு குனிய, "போதுங்க. தட்டாதீங்க. போதுங்க" என்று கெஞ்சினார்.

படத்தில் வந்ததை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து மண்டபம் முழுக்கச் சிரித்தது.