கலைமதி சொன்ன பதில்

பாலக்கரை ரிஃபானா ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அப்புறம் அவளிடம் பேச்சுக்கே இடமில்லை. கத்தாரிலிருந்து புருஷன் வசீம் எவ்வளவோ கெஞ்சியும் வேலையை விட மாட்டேன் என்று நின்றவள். தினமும் ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்து ஆபீசுக்குப் போவாள். வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சின்ன ஆய்வு நிறுவனம் அது. கேள்விகளை டேப்லெட்டில் ஏற்றுவதும், பதில்கள் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு.

நிறுவனர் மாதவன் தங்கமான மனிதர். ஆபீஸ் என்றால் அவருக்குக் குடும்பம். குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்று எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு! அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறீர்கள், வேலையை விட்டுப் போனவர்களின் வாட்ஸ்அப்பில்கூட அது கிடக்கும். வாழை எவ்வளவு, ஆடு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தவரை அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இந்த முறை கேள்வி வேறு. வீட்டில் அடி உதை உண்டா என்று தொட்டியம் பக்கத்துப் பெண்களிடம் கேட்கும் சர்வே. பெண் பணியாளர்களே போய், தனியாக உட்காரவைத்து, "நீங்க சொல்றது வெளிய போகாதுங்க" என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டார்கள். பதிலோடு பெயர் வராது, ஓர் எண் மட்டும்தான். அதுவே போதும் என்று ரிஃபானாவும் சும்மா இருந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் மேற்பார்வையாளர் ரெங்கராஜ் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பாவம், எங்க ஊர் கலைமதியைப் புருஷன்காரன் போட்டு அடிக்கிறானாம். அவன் எனக்கு மச்சான் முறை. நாளைக்குப் போயி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கப்போறேன்" என்றார்.

ரிஃபானா டிபன் டப்பாவை மூடினாள். "பேரே இல்லையே, எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"நம்ம லாகின்ல பதிலைப் பாத்தேன். ரெட்டைப் பொம்பளைப் புள்ளைங்க, வீட்டுக்காரன் வாழைத்தார் மண்டி. எங்க ஊர்ல வேற யாரு?"

"யா அல்லாஹ்! நீங்க கேட்டா அவன் உங்களையா அடிப்பான்? யார்கிட்டடி சொன்னேன்னு அவளைத்தான் கொன்னு போடுவான்."

ரெங்கராஜின் கை அப்படியே நின்றது. நல்லது செய்யத்தான் நினைத்தார் மனிதர். "சத்தியமா வாயைத் திறக்க மாட்டேம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே ரிஃபானா பொது லாகினை மூடி, ஆளுக்கொன்றாகப் பிரித்தாள். கேள்வி கேட்பவர் பதிலை அனுப்பலாம், திரும்பப் பார்க்க முடியாது. மேற்பார்வையாளருக்கு எத்தனை வீடு முடிந்தது என்பது மட்டும் தெரியும். பதில்களைப் படிக்க மதுரையில் ஒரே ஓர் ஆய்வாளர், அவருக்கு ஊரும் பேரும் போகாது. பெயரும் போன் நம்பரும் ரிஃபானாவிடம். பதில்கள் அவளுக்கும் திறக்காது.

மறுநாள் மாதவன் கொதித்துவிட்டார். "ஏம்மா, எனக்குமா பூட்டு?"

"உங்களுக்கும்தான் சார். எனக்கும்தான்."

"நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இருக்கு சார். ஆனா அந்தப் பொண்ணுக்கு நாம வாக்குக் கொடுத்தோமே! நடந்ததை அவகிட்டயே சொல்லப்போறேன்."

மாதவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொன்னா ஊரெல்லாம் பரவி சர்வேயே படுத்துடும்மா."

"படுக்கட்டும் சார். அடி வாங்கப்போறது நாம இல்ல."

கலைமதியின் புருஷன் மண்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ரிஃபானா அவளைப் போனில் கூப்பிட்டாள். எதிரே மாதவன் உட்கார்ந்திருந்தார். ஒளிக்காமல் சொன்னாள். "உங்க ஊர்க்காரர் ஒருத்தர், எங்க ஆபீஸ்தான், உங்க பதிலைப் பாத்துட்டாருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. தப்பு எங்களோடது. வேணாம்னா உங்க பதிலை அழிச்சிடுறோம்."

கலைமதி எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"இப்ப யாரு யாரு பாக்கலாம்?"

"வெளியூர் ஆள் ஒருத்தர்தான். உங்க பேரு, ஊரு எதுவும் அவருக்குத் தெரியாது."

"நீங்க?"

"அவரு சொன்ன ஒரு வார்த்தை காதுல விழுந்துடுச்சுங்க. மத்தது எனக்குத் தெரியாது, பாக்கவும் முடியாது."

கலைமதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அழிக்காதீங்க. அன்னிக்குக் கேக்க வந்த பொண்ணு பக்கத்து ஊருன்னு பாதியைத்தான் சொன்னேன். தெரியாத ஊர்ப் பொண்ணா பாத்து அனுப்புங்க. மீதியையும் சொல்லிடுறேன்."