நின்று நின்று ஓடிய மொபெட்டுகள்

ஓடவே ஓடாத வண்டியைச் சரிசெய்துவிடலாம். ஓடி ஓடி நிற்கிற வண்டிதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். கம்பத்தில் நான் மொபெட் பழுது பார்த்த காலத்தில் நடந்தவை இவை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்க்க, நின்றுபோன வண்டியைப் பெடல் போட்டே வீடு சேர்த்தவர் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மூடிக்கு அடியில்

கூடலூர் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் வண்டி இரண்டு மைலுக்கு ஒருமுறை நிற்கும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், குறை தீரவில்லை. கடைசியில் நானே ஓட்டிப் பார்த்தேன். வழியில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாகத்தான் காற்று போகும். இவர் மூடிக்கு அடியில் பாலிதீன் தாளை மடித்து வைத்து இறுக்கியிருந்தார். எடுத்துக் காட்டினேன். அவருக்கு என்மேல்தான் வருத்தம்.

"மழைத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு வச்சேன். காத்துக்கும் வழி வேணும்னு ஒருத்தரும் சொல்லலையே."

நர்ஸம்மாவின் வண்டி

சுருளிப்பட்டிப் பக்கம் வீடுவீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா ஒருவர், மேட்டில் ஏறினால் வண்டி இழுக்காமல் அணைந்துவிடுகிறது என்று கொண்டுவந்தார். அன்று எனக்கு அவசரம். பிளக்கைத் தேய்த்துப் போட்டு, சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன். சைலன்சரைக் கழற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் தோட்டத்துக் குடிசை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. தகவல் கேட்டுக் கிளம்பியவருக்குப் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. அந்த ரோட்டில் பஸ் கிடையாது. மீதி இரண்டு மைலையும் மிதித்தே போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எடுத்துவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் வண்டியோடு வந்து இதையெல்லாம் சொன்னார். சைலன்சரைக் கழற்றினால், புகை வெளியேற வழியில்லாமல் விரல் நுழையாத அளவுக்குக் கரி. நெருப்பில் சுட்டுத் தட்டி எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே, முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும் என்றேன். அவர் திட்டவில்லை.

"அன்னைக்குப் பெடலு எதுக்கு, கழட்டிருங்கன்னு சொன்னீக. நல்லவேளை, நான் கேக்கல."

வலது பக்கத் திருப்பம்

ராயப்பன்பட்டி அருளப்பனின் வண்டி தினமும் தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் சாராயக்கடைக்கு எதிரிலேயே நிற்கிறதாம். அவர் சொன்னதை மனைவி செபஸ்தியம்மாள் நம்பவில்லை; வண்டியையும் அவரையும் சேர்த்தே கூட்டி வந்தார். பார்த்தேன். ஹேண்டிலுக்கு அடியில் ஓடும் சுவிட்ச் ஒயர் தோல் உரிந்து, வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் இரும்பில் பட்டு எஞ்சினை அணைத்தது. தோட்டத்துக்குப் போகும்போது சாராயக்கடை முன்னால் ரோடு வலது பக்கம்தான் திரும்புகிறது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நிஜம்தான் என்று விளக்கினேன். அருளப்பன் நிமிர்ந்து நின்றார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இடது பக்கம் திருப்பினால் நிற்காதுதானே என்று என்னிடம் உறுதி செய்துகொண்டார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"போகும்போதுதான அது வலது. வீட்டுக்கு வரும்போது இடதுல்ல? அப்ப எதுக்கு நின்னுச்சு?"

வண்டி நின்றதற்கு எஞ்சினே காரணமாக இருந்தது எத்தனை தடவை என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.